முல்லைத்தீவுக் கரையில் குளிப்பவர்களுக்கு நடுவே படகு ஓடுகிறது: பொறுப்பு யாருடையது?

சிலாவத்தையான் (இழையைத் தொடங்கியவர்)

சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கிக் கடல் அடங்கிவிட்டது. வார இறுதியில் முல்லைத்தீவுக் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, கிளிநொச்சி, வவுனியா என்று எல்லாப் பக்கமிருந்தும் வாகனம் பிடித்து வருகிறார்கள். நல்லதுதான். சென்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் பார்த்தது நல்லதல்ல.

கரையோரத்தில் பிள்ளைகள் குளித்துக்கொண்டு நின்றார்கள். அதே தண்ணீரில் ஒரு கண்ணாடியிழைப் படகு, ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிச் சவாரி ஏற்றிக்கொண்டு வடக்கும் தெற்குமாக ஓடியது. ஏறியிருந்த இளைஞர்கள் கூக்குரலிட, ஓட்டியவருக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. ஓரிடத்தில் சட்டென்று வளைத்தார். அணியம் (படகின் முன்பக்கம்) கடல் பக்கம் திரும்ப, கடையார் (பின்பக்கம்) வீசிக்கொண்டு கரைப்பக்கம் வந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்ற ஒரு பையனுக்கும் என்ஜினுக்கும் இடையில் ஒரு பாகம் (ஆறடி)கூட இருந்திருக்காது. தகப்பன் சத்தம் போட்டார். "கடல் என்ன, உங்கள் வீட்டுக் கிணறா?" என்று பதில் வந்தது. பிறகு வழமைபோல் நாலு பேர் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம், வாய்ச்சண்டை.

ஓட்டியவரின் பெயரையோ படகின் இலக்கத்தையோ இங்கே யாரும் எழுத வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இப்படி ஓடுவதற்கு ஒரு முறை இருக்கிறதா? தண்ணீரில் ஆட்கள் நிற்கும்போது படகு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும்? ஆடி அமாவாசை வருகிறது. அன்று தீர்த்தமாட வரும் கூட்டத்தை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நேர்நிறை

மன்னிக்க வேண்டும், நான் மறுபக்கம் பேசப்போகிறேன். அது தொழில் செய்யும் கரை. படகு, வலை, வாடி (மீனவர் குடில்) எல்லாம் அங்கேதான் இருந்தன, இருக்கின்றன. நேற்றுத்தான் குளிக்க வந்தவர்கள் இன்று படகுக்காரனுக்குச் சட்டம் சொல்கிறார்கள். உழுகிற வயலுக்குள் பட்டம் விடப்போய்விட்டு, உழவு இயந்திரம் வருகிறது என்று முறையிடலாமா? நீந்தத் தெரியாத பிள்ளையைக் கழுத்தளவு தண்ணீரில் விட்டுவிட்டுக் கரையில் இருந்து கைப்பேசி பார்க்கும் பெற்றோரை யார் கேட்பது?

சிலாவத்தையான்

அந்தத் தகப்பன் பிள்ளைக்குப் பக்கத்தில் தண்ணீரில்தான் நின்றார், ஐயா. சவாரிப் படகு தொழிலுக்குப் போன படகும் அல்ல.

அணியம்

நான் தொழிலாளி. சிறுவயதில் தகப்பனோடு கரைவலையில் நின்றவன். இப்போது சொந்தமாக 18 அடிப் படகு வைத்திருக்கிறேன். நேர்நிறை சொல்வதில் பாதி சரி. கரையும் பாடும் (கரைவலை வளைக்கும் இடம்) எங்கள் சோற்றுப்பானை. ஆனால் என்ஜின் கைப்பிடியைப் பிடித்திருப்பவனுக்கு முன்னால் என்ன தெரிகிறது என்பது குளிப்பவர்களுக்குத் தெரியாது. ஓட்டுபவர்களிலும் பலர் அதை யோசிப்பதில்லை. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஓட்டுபவன் இருப்பது கடையாரில். வேகம் எடுத்தவுடன் அணியம் நிமிர்கிறது. அதற்கு முன்னால் உள்ள தண்ணீர் ஒரு நல்ல தூரத்துக்குக் கண்ணில் படாது. அணியத்தில் சவாரிக்காரர் எழுந்து நின்றால் தெரிவது அவர்களுடைய முதுகு மட்டும். 20 நொட் (மணிக்கு 37 கிலோமீற்றர்) வேகத்தில் படகு ஒரு செக்கனுக்கு 10 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. 50 மீற்றர் தள்ளி ஒரு தலையைக் கண்டால் கையில் இருப்பது 5 செக்கன். படகுக்கு பிரேக் கிடையாது. கியரை நியூட்ரலுக்கு விட்டாலும் வந்த வேகத்தில் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும்.

அந்தத் தலையும் எப்படித் தெரிகிறது? கறுத்த தலை, கறுத்த தண்ணீர், நடுவில் அலை. அலை ஏறும்போது தெரியும், இறங்கும்போது மறையும். எங்கள் கரை கிழக்குப் பார்த்த கரை. பின்னேரம் திரும்பும் படகு மேற்கே பார்த்து வருகிறது. இறங்கும் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், தண்ணீர் முழுக்க மினுங்கும். சனம் கூடக் குளிப்பதும் அதே நேரம். விடியற்காலையில் மீனோடு வரும் படகுக்கு வெயில் முதுகில். கரை துலக்கமாகத் தெரியும். அப்போது குளிக்க ஒருவரும் இல்லை. பின்னேரச் சவாரிதான் எல்லாவற்றிலும் பொல்லாதது என்று நான் சொல்வதற்குக் காரணம் இது.

இனி வளைப்பு. கார் திரும்பும்போது பின்சில்லு முன்சில்லின் வழியே வரும். படகு அப்படி வராது. அணியத்தை வலப்பக்கம் திருப்பினால் கடையார் இடப்பக்கம் வீசும். ஆள் படகின் விலாப்பக்கத்துக்கு வந்துவிட்டான் என்றால், வலப்பக்கம் இருப்பவனுக்காக அணியத்தை வலப்பக்கமே திருப்ப வேண்டும். கடையாரும் என்ஜினும் அவனைவிட்டு விலகும். பயத்தில் மறுபக்கம் திருப்பினால் புரொப்பெலரை நாமே அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். சிலாவத்தையான் கண்டது அதுவேதான். ஓட்டியவர் பையனைக் கண்டுதான் விலக்கியிருப்பார். கெட்ட எண்ணம் இருந்திருக்காது, கை பழகவில்லை.

ஒக்லாந்து வன்னியன்

நான் இருப்பது நியூசிலாந்தில், ஊர் ஒட்டுசுட்டான். இங்கே சின்னப் படகு வைத்திருப்பவர் எவரும் மனப்பாடமாகச் சொல்லும் விதி ஒன்று உண்டு. தண்ணீரில் இருக்கும் ஆளுக்கு 50 மீற்றருக்குள் வந்தால் வேகம் 5 நொட்டுக்கு மேல் போகக் கூடாது. கரைக்கு 200 மீற்றருக்குள்ளும் அதே 5 நொட். சுழியோடிகள் கீழே இருக்கிறார்கள் என்று நீலமும் வெள்ளையுமான கொடி ஏற்றிய படகுக்கு 200 மீற்றருக்குள்ளும் அதே. 5 நொட் என்றால் மணிக்கு 9 கிலோமீற்றர் சொச்சம், மெதுவாக ஓடுகிற ஆளின் வேகம். சறுக்குப் பலகைக்காரரை இழுக்கும் படகுகள் கரைக்கு வந்துபோகத் தனிவழி இருக்கிறது. இரண்டு பக்கமும் செம்மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட கம்பம் நட்டிருப்பார்கள்.

முல்லைத்தீவிலும் "200 மீற்றர், 5 நொட்" என்று ஒரு பலகை போட்டால் என்ன? செலவும் பெரிதாக இல்லை.

அணியம்

தம்பி, உங்கள் விதி நல்ல விதி. சோளகத்தில் பொருந்தும். வாடைக்காற்றுக் காலத்தில் அதை எங்கள் கரையில் கடைப்பிடித்தால் படகுக்காரன் சாவான்.

காரணம் சொல்கிறேன். ஐப்பசிக்குப் பிறகு அலை கரைக்குக் கிட்ட வந்து உடையும். படகு கரையேறும்போது வெளியே நின்று அலையை எண்ணி, ஒரு பெரிய அலை போனவுடன் அதன் முதுகைப் பிடித்து, அதே வேகத்தில் உள்ளே வர வேண்டும். நடுவில் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் அலை கடையாரில் ஏறும்; அல்லது படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்க்கும். அந்த நிமிடத்தில் கையை எடுக்கவோ வழியை மாற்றவோ முடியாது. எதிரில் ஒரு பிள்ளை நின்றால், நிற்கிறது. அவ்வளவுதான்.

ஆகவே கடற்கரையில் வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். படகு ஏறி இறங்கும் வழி வேறு, குளிக்கும் இடம் வேறு. படகு வழியில் பன்னிரண்டு மாதமும் ஒருவரும் இறங்கக் கூடாது. குளிக்கும் இடத்துக்குள் பன்னிரண்டு மாதமும் என்ஜின் வரக் கூடாது. பலகையைப் போட்டுவிட்டு இரண்டையும் ஒரே தண்ணீரில் கலந்து விட்டால், பலகையும் வாடியும் ஒன்றாக நிற்கும், வேறொன்றும் மாறாது.

ஒக்லாந்து வன்னியன்

அலை உடையும் கரையைப் பற்றி நான் யோசிக்கவில்லை, அண்ணா. ஆனால் சவாரி ஓடுவது அடங்கிய கடலில்தானே? அதற்கு 5 நொட் பொருந்தும்.

அணியம்

சவாரிக்கு அது கட்டாயம். என்னைக் கேட்டால் சவாரிப் படகு படகு வழியால் வெளியே போய், வெளியே ஓடி, அதே வழியால் திரும்ப வேண்டும். கரையோரமாக ஓடவே தேவையில்லை. அங்கே ஓடுவது சனம் பார்க்க வேண்டும் என்பதற்காக.

நந்திக்கரை ஆசிரியை

எல்லோரும் குளிக்க வந்தவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நந்திக்கடல் களப்பு (கடலோர உப்புநீர் ஏரி) பக்கம் தண்ணீரில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக நிற்பவர்கள். இறால் காலத்தில் இரவில் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடும் கைவலையோடும் ஆணும் பெண்ணுமாக நிற்கிறார்கள். என் மாணவர்களின் தாய்மார் சிலர் அதில் இருக்கிறார்கள். நெற்றியில் கட்டிய சிறிய ரோர்ச் ஒன்றுதான் அடையாளம். அதையும் இறால் தெரிவதற்காகத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி வைத்திருப்பார்கள். பின்னால் இருந்து வரும் படகுக்கு அந்த வெளிச்சம் தெரியாது. பற்றரி குறைந்தால் அணைத்தும் வைப்பார்கள்.

களப்புக்குள் அலை இல்லை, ஆழமும் இல்லை. அணியம் ஐயா கடலுக்குச் சொன்ன காரணம் இங்கே செல்லாது. மரக்கோல் ஊன்றியே போகக்கூடிய தண்ணீரில் இரவில் என்ஜின் போட்டு ஓடுவது ஏன்? வலைக்கு முந்திப் போய்விட வேண்டும் என்ற அவசரம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அதோடு இரவில் விளக்கில்லாமல் ஓடுகிறார்கள். நிற்கும் பெண்களுக்கு என்ஜின் சத்தம் கேட்கிறது. எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று இருட்டில் பிடிபடுவதில்லை. வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் அம்மனைக் கும்பிட வந்தவர்களும் களப்பில் இறங்குகிறார்கள். அவர்களுக்குச் சேற்றின் ஆழம்கூடத் தெரியாது.

தலையின் பின்பக்கத்திலும் ஒரு சிறிய மினுக்கு விளக்கு கட்டினால் என்ன என்று சில தாய்மாரிடம் கேட்டேன். "இறால் கலைந்துவிடும், ரீச்சர்" என்றார் ஒருவர். "பின்னால் கட்டினால் எப்படிக் கலையும்?" என்று பக்கத்தில் இருந்தவரே அவரைக் கேட்டார். இப்போது இருவர் சைக்கிளின் பின் விளக்கைத் தொப்பியில் தைத்துக்கொண்டு போகிறார்கள். படகுக்காரர்கள் கண்டு விலகுவதாகச் சொல்கிறார்கள்.

முத்தையன்கட்டு மறவன்

குளத்தைப் பற்றியும் இரண்டு வரி. நாங்கள் பெரும்பாலும் துடுப்பு வள்ளம். என்ஜின் ஆபத்து குறைவு, வேறு ஆபத்து இருக்கிறது. குளிக்கும் பிள்ளைகள் நீந்தி வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறார்கள். ஒரு பக்கம் இரண்டு பேர் தொங்கினால் போதும், வள்ளம் புரளும். வலையும் காலில் சிக்கும். தண்ணீருக்குள் பட்டமரங்கள் நிற்கின்றன. பாய்ந்து விளையாடுபவர்களுக்கு அவை கண்ணில் படாது. வான் பாயும் (குளம் நிரம்பி வழியும்) காலத்தில் வான்கதவுப் பக்கமும், துருசு (மதகு) திறந்திருக்கும்போது அதன் வாயடியும் யாருக்கும் உரிய இடமல்ல, படகுக்கும் சரி, ஆளுக்கும் சரி. இரணைமடுவில் வான்கதவு திறந்தால் வேடிக்கை பார்க்கப் போகும் கூட்டத்தை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று சொன்னவர்கள் வன்னிக் குளங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

நேர்நிறை

கண்மூடித்தனமாக ஓட்டுவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கேட்கிறேன்: தண்ணீருக்குள் இருப்பவனுக்கு எந்தக் கடமையும் இல்லையா? எல்லாம் படகுக்காரன் தலையிலா?

தலைமன்னார்ப் பாலத்தடி

கடமை இருவருக்கும் உண்டு. அளவு ஒன்றல்ல. மோதினால் படகில் இருப்பவருக்கு ஒரு குலுக்கல், தண்ணீரில் இருப்பவருக்கு உயிர். விலகும் வல்லமை உள்ளவர் விலக வேண்டும். நீந்துபவரால் செக்கனுக்கு ஒரு மீற்றர்கூடப் போவது கடினம். சர்வதேசக் கடல் விதிகளில் (1972) 5ஆம் விதியே கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கவனித்திருக்க வேண்டும் என்பதுதான். அடுத்தது பாதுகாப்பான வேகம். இரண்டும் கலம் செலுத்துபவருக்கு விதிக்கப்பட்டவை.

எங்கள் பக்கம் பாக்கு நீரிணையை நீந்திக் கடப்பவர்களுக்குத் துணைப்படகு போகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நவரத்தினசாமி 1954இல் வடக்கே நீரிணையைக் கடந்தபோதும், ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் இருபக்கமும் நீந்தியபோதும் உயிர் படகுக்காரர்களின் கண்ணில்தான் இருந்திருக்கும். துணைப்படகுக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பது சுருக்கமானது. நீந்துபவருக்கு முன்னால் போகாதே. புகை அவர் மூக்கில் ஏறும், அவர் நின்றதும் உனக்குத் தெரியாது. பின்னாலும் போகாதே, பக்கத்தில் போ. அவர் மூச்செடுக்கத் தலை திருப்பும் பக்கத்தில் போனால் அவருக்கு உன்னைத் தெரியும். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் நீந்துபவரை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆள் படகைத் தொட வருகிறார் என்றால் முதலில் என்ஜின் நிற்க வேண்டும்.

சங்கு, கடலட்டை எடுக்கச் சுழியோடுபவர்களுக்கும் இது பொருந்தும். சிலிண்டரோடு இறங்குபவரின் குமிழியைத் தேடிப் பார்த்து ஓடும் படகுக்காரர் குறைவு. ஒக்லாந்துத் தம்பி சொன்ன நீல வெள்ளைக் கொடியை ஒரு தடியில் கட்டி நட்டாலே போதும். மேலே வருபவர் என்ஜின் சத்தம் கேட்டுத் திசை பார்த்து வரலாமே என்பீர்கள். முடியாது. தண்ணீருக்குள் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் வேகத்தில் போகிறது, காற்றில் சுமார் 340. இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சேர்வதால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடிவதில்லை. பிரித்தானியப் பாடகி கேர்ஸ்டி மக்கோல் 2000 டிசம்பரில் மெக்சிக்கோவின் கொசுமெல் தீவருகே சுழியோடி மேலே வந்தபோது வேகப்படகு மோதித்தான் இறந்தார். அது படகுகளுக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி. மகனைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டார்.

அணியம்

"முதலில் என்ஜின் நிற்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்கள் நிறுத்தமாட்டார்கள், நியூட்ரலில் விடுவார்கள். காரணம் மண்ணெண்ணெய். சூடு ஆறினால் திரும்பப் பெற்றோலில்தான் தொடக்க வேண்டும், கயிறு இழுத்துத் தோள் கழன்றுவிடும். எனக்கும் புரிகிறது. ஆனால் பழைய என்ஜின்களில் நியூட்ரலிலும் புரொப்பெலர் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். கை தவறிக் கியரில் பட்டால் சொல்லவே வேண்டாம். தண்ணீரில் இருந்து ஆளைத் தூக்குவதானால் நிறுத்துங்கள். கடையாரால் தூக்க வேண்டாம், விலாப்பக்கத்தால் தூக்குங்கள். தோள் கழன்றால் வைத்தியர் பார்ப்பார்.

இன்னொன்று. என்ஜினோடு ஒரு சிவப்புச் சுருள் கயிறு வருகிறது. ஒரு முனை நிறுத்தும் பொத்தானில், மறுமுனை ஓட்டுபவரின் கையிலோ காலிலோ மாட்ட வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கும், என்ஜின் நிற்கும். எங்கள் கரையில் ஒவ்வொரு படகாகப் பாருங்கள். கயிறு எப்போதோ தொலைந்திருக்கும். பொத்தான் அடியில் தங்கூசி நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருப்பார்கள், உப்புப் பிடித்து அந்த முடிச்சே கல்லாகியிருக்கும். ஓட்டுபவர் விழுந்தால் படகு நிற்காது. கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்து, படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும்.

ஒக்லாந்து வன்னியன்

அது கற்பனை அல்ல. 2013 மே மாதம் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் பாட்ஸ்டோ என்ற இடத்தில் ஒரு குடும்பம் முழுவதும், ஆறு பேர், வேகப்படகில் இருந்து தூக்கி வீசப்பட்டது. அந்தக் கயிறு மாட்டப்படவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்து அவர்களையே தாக்கியது. தகப்பனும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் இருந்து 26 அடிக்குக் குறைந்த பொழுதுபோக்குப் படகுகளில் அதை மாட்டுவது சட்டம்.

நேர்நிறை

இது எனக்குத் தெரியாத விடயம். என் மருமகனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் தனியாகத்தான் கடலுக்குப் போகிறான்.

மாஞ்சோலைத் தாதி

சட்டத்தையும் கயிற்றையும் நீங்கள் பேசுங்கள். காயப்பட்டவர்களை எங்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதை நான் சொல்கிறேன்.

புரொப்பெலர் காயம் கத்திக் காயம் அல்ல. முழு வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால், கியர் அதைப் பாதியாக்கினாலும் புரொப்பெலர் செக்கனுக்கு 40 முறை சுற்றும். மூன்று இலை என்றால் ஒரு செக்கனில் 120 வெட்டு. சமாந்தரமாக, வரிவரியாக, எலும்பு வரை இறங்கியிருக்கும். அதற்குள் கடல் மண்ணும் எண்ணெயும். கரையில் உள்ளவர்கள் நல்ல எண்ணத்தில் கோப்பித்தூள் அப்பிக் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மேல் வைத்து, இரு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு நிற்கவில்லை என்றால் காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக, அகலத் துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ எழுதிவிடுங்கள். 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ். முச்சக்கர வண்டியில் மடித்துப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதையும் வயிற்றை அமுக்குவதையும் இன்னும் பார்க்கிறோம். அதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நட்டம். மூச்சு இல்லை என்றால் மல்லாத்திப் படுக்க வைத்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, மாறிமாறி, அம்புலன்ஸ் வரும்வரை. எழுந்து நடந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், தண்ணீர் உள்ளே போய் இருமும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

கச்சேரியடி

சட்டத்தைக் கேட்டிருந்தீர்கள். நான் சட்டத்தரணி அல்லன், கோப்புகளோடு காலம் கழித்தவன். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் ஒரு படகைப் பதிவது மீன் பிடிக்க. அந்தப் பதிவைக் காட்டிக் காசுக்குச் சவாரி ஏற்ற உரிமை கோர முடியாது. அதைவிடப் பழையது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை: கலத்தைக் கவனயீனமாகச் செலுத்தி மனித உயிருக்கு ஆபத்து விளைவிப்பது குற்றம், அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. உயிர் போனால் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்தல். ஆகவே "சட்டம் இல்லை" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23ஆம் திகதி இழுவைப்படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்த பிறகுதான் அனுமதி, உயிர்காப்பு அங்கி, ஆள் கணக்கு எல்லாம் பேச்சுக்கு வந்தன. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது நமக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் பொலிஸுக்கு முறைப்பாடு எழுதுவதைவிடக் கடற்றொழிலாளர் சங்கத்தில் தீர்மானம் எடுப்பது முல்லைத்தீவில் வேகமாக வேலை செய்யும் என்பது என் அனுபவம். சங்கம் சொன்னால் படகு கேட்கும்.

நந்திக்கரை ஆசிரியை

சங்கத்தில் பெண்களையும் கூப்பிடுங்கள். களப்பில் இறங்குபவர்கள் அவர்கள்.

நேர்நிறை ஐயா கேட்டதற்கும் ஒரு பதில். குளிக்க வருபவர்களிடம் நான் எதிர்பார்ப்பது குறைவுதான்: படகு வழியில் இறங்காதீர்கள், நிற்கும் படகின் கடையார்ப் பக்கம் போகாதீர்கள், பிள்ளைகளுக்குச் செம்மஞ்சளோ மஞ்சளோ கண்ணில் குத்தும் நிறத்தில் சட்டை போடுங்கள். நீலமும் கறுப்பும் தண்ணீரில் காணாமல் போய்விடும். சாராயப் போத்தலோடு இறங்குபவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் 2009 போருக்குப் பிறகும் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளைக் கடல் பக்கமே விடாமல் வளர்த்தார்கள். கடலோரத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை இப்போது விடுமுறைக்குக் கடலில் இறங்குகிறது. பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழக்குவதைப் பற்றி வேறொரு இழை தொடங்க வேண்டும்.

சிலாவத்தையான்

சங்கக் கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். சத்தம் அதிகமாகத்தான் இருந்தது. சவாரி ஓட்டும் மூவரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், மீன் இல்லாத நாட்களில் இதுதான் அடுப்பு எரிய வைக்கிறது என்றார். மறுக்க முடியவில்லை. சவாரியை நிறுத்துவதாக இல்லை. படகு வழியால் வெளியே போய் வருவது, ஓட்டுபவர் கயிறு மாட்டுவது, ஏறுபவருக்கு அங்கி கொடுப்பது, பின்னேரம் 5 மணிக்குப் பிறகு ஓடாதிருப்பது. இந்த அளவுக்கு ஒத்துக்கொண்டார்கள். அங்கிக்குக் காசு யார் போடுவது என்பது முடியவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் யோசிக்கலாம்.

குளிக்கும் இடத்தைக் கயிறு போட்டு அடைப்பதில்தான் இழுபறி. வடக்குப் பக்கம் பாடு. கரைவலை வளைக்கும்போது கயிறு தடுக்கும் என்று சம்மாட்டி (கரைவலை முதலாளி) சொன்னார், நியாயம். தெற்குப் பக்கத்தை எடுத்துக்கொண்டோம். ஆடி அமாவாசை அன்று மட்டும் கரைவலை ஒதுங்கும், முழுக் கரையும் தீர்த்தத்துக்கு. அன்று காவலுக்கு அணியம் அண்ணாவின் படகு, மரக்கோலோடு, என்ஜின் தூக்கிய நிலையில்.

அணியம்

குளிக்கும் இடத்தை அடைக்கும் கயிற்றைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மிதக்கிற பொலிப்ரொப்பிலீன் கயிற்றை நீளத்துக்குப் போட்டுவிடாதீர்கள். அது மேலேயே கிடந்து எங்கள் புரொப்பெலரில் சுற்றும், குளிப்பவர் கழுத்திலும் சுற்றும். தாழ்கிற நைலோன் வேண்டும். மிதவையாக விடும் ஒவ்வொரு வெற்றுக் கானுக்கும் தனி மண்மூட்டை, தனிக் கயிறு. கானுக்குக் கான் கயிறு இழுக்க வேண்டாம்; வரிசையாக நின்றால் கண்ணுக்குப் போதும்.

சிலாவத்தையான்

நைலோன் சங்கத்தில் இருக்கிறது. மண்மூட்டைக்குச் சாக்கு முத்தையன்கட்டில் இருந்து வருகிறது. குறைவது கான்தான். 20 லீற்றர் வெற்றுக் கான் இருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் சங்கக் கட்டடத்தில் கொண்டுவந்து போடுங்கள். செம்மஞ்சள் பெயின்ற் நாங்கள் அடிப்போம்.

நேர்நிறை

என்னிடம் ஆறு கான் இருக்கிறது. மண்ணெண்ணெய்க் கான் ஆகலாமா?

அணியம்

ஆகும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூடிக்குள் பழைய டியூப் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி வைத்து இறுக்கிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் ஏறி இரண்டு நாளில் தாழ்ந்துவிடும்.